இரண்டு கொட்டகை, ஏழு ஆடு, ஒரு டயம் கீப்பர்

கட்டினால் கான்கிரீட் வீடு, இல்லையென்றால் ஆயுசு முழுக்க வாடகை வீடு என்று 1986 ஆவணி மாதம் ஒரு சபதம் எடுத்தேன். சபதத்தை எங்கே எடுக்க வேண்டும் என்பதில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம் உண்டு. வீட்டில் எடுத்தால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதனால் பஸ் ஸ்டாண்டில் வைத்து, ஐந்து கண்டக்டர்கள் முன்னிலையில் எடுத்தேன்.

நான் சீனுவாசன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டயம் கீப்பர். நான் விசில் ஊதினால் செஞ்சி வண்டி கிளம்பும், பாண்டி வண்டி கிளம்பும், பின்னால் நாலு பேர் நின்று தள்ளுகிற மரக்காணம் வண்டிகூடக் கிளம்பும். அதே விசிலை வீட்டில் ஒருமுறை ஊதிப் பார்த்தேன். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மனைவி பெயர் பாஞ்சாலி. பாரதத்துப் பாஞ்சாலிக்குப் புருஷர்கள் ஐந்து பேர். என் பாஞ்சாலிக்கு நான் ஒருவன்தான். வேலை மட்டும் ஐந்து பேருடையது.

சபதத்துக்குக் காரணம் என் சகலை சுப்பராயலு. விழுப்புரத்தில் அவர் கான்கிரீட்டில் ஒரு வீடு கட்டி, ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்தார். தூணைத் தட்டித் தட்டிக் காட்டினார். "நூறு வருசம் நிக்கும் சகலை" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. மரக்காணம் ரோட்டில் நாங்கள் வாங்கிப் போட்ட மனை மூன்று வருடமாக நெருஞ்சி முளைத்துக் கிடந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பேச்சை ஆரம்பித்தேன்.

"உங்க அக்கா வூட்ட பாத்தியா? கோட்டை மாதிரி இல்ல?"

"பாத்தேங்க. கோட்டைய கட்டிப்புட்டு எல்லாரும் கோட்டை மேல ஏறிப் படுத்துக்கினு இருந்தாங்களே, அதையும் பாத்தேன்."

"அது காத்துக்காகப் படுத்திருப்பாங்க."

"சாயங்காலம் அக்கா மொட்ட மாடில எட்டு கொடம் தண்ணி ஊத்துச்சே, அது எதுக்கு?"

"புதுத் தளம் இல்ல? இறுகறதுக்கு ஊத்தற தண்ணி, கியூரிங்."

"பாலு காச்சி குடி போன வூட்டுக்கு இன்னாங்க கியூரிங்கு?"

நான் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். பாஞ்சாலியோடு பேசும்போது ஜன்னல் பக்கம் உட்காருவது நல்லது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ராஜவேலு வந்தான். பொம்மையார்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டிக்கொள்கிற இடத்தில் அவன் மேஸ்திரி. பிறந்த குழந்தையைத் தூக்கி வருவது போல ஒரு துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்தான். பிரித்தால் ஒரு செம்மண் கல்.

"சுட்ட கல்லு இல்ல மாமா. அழுத்தின கல்லு. செம்மண்ண சலிச்சி, இருவதுக்கு ஒண்ணு சிமெண்டு போட்டு, கை மிஷின்ல வெச்சி ஒரே இழு. கல்லு ரெடி. நெழல்ல அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, நாலு வாரம் தண்ணி தெளிக்கணும். சூள கெடையாது, வெறகு கெடையாது."

"தளம்?"

"தளம் போடறப்ப நடுவுல நடுவுல நாட்டு ஓடு கவுத்து வெச்சிடுவோம். சிமெண்டும் கம்மி, சூடும் கம்மி. ஜன்னல கடல்காத்து வர்ற பக்கமா வெச்சிட்டா ஃபேனே தேவயில்ல மாமா."

"ஒரு வூட்டுக்கு செங்கல் சுட ஒரு தோப்பையே வெட்டறாங்களாம்" என்றாள் பாஞ்சாலி. "நம்ம வூட்டுக்கு ஒரு மரம் வுழ வேணாமே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மண் வீடு என்ற பேச்சை என் வீட்டில் எடுக்கக் கூடாது என்று கத்தினேன். ராஜவேலு கல்லை அங்கேயே விட்டுவிட்டு மூன்றரை மணி வண்டிக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்காமல் கேளுங்கள். எனக்கு ஒன்பது வயதில், கூட்டேரிப்பட்டில், ஓர் ஐப்பசி விடியற்காலையில் எங்கள் வீட்டு மண் சுவர் விழுந்தது. கூரை ஒழுகுகிறது, பாத்திரம் வை என்று அம்மா என்னை எழுப்பினாள். நான் எழுந்து அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தபோது, நான் படுத்திருந்த பாயின் மேல் சுவர் அப்படியே சாய்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பாஞ்சாலிக்குத் தாலி கட்டிய அன்றைக்கே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், இவள் படுக்கிற இடத்தில் ஒரு பிடி மண்கூட விழக்கூடாது என்று. கான்கிரீட் எனக்குப் பெருமை மட்டும் இல்லை. பயமும்தான்.

இதை அன்று முதல்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் கல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் கண்டக்டர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை மழையும் வந்தது. மார்கழியில் ஒரு நாள் காலை நான் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தேன். தலையில் சீயக்காய், இடுப்பில் துண்டு. பாஞ்சாலி வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"கல்லு சௌரியமா இருக்குதுங்களா?"

"எந்தக் கல்லு?"

"நீங்க நின்னுக்கினு இருக்கற கல்லு."

"அதுக்கின்னா? நல்லாத்தான் இருக்குது. வழுக்கல."

"மூணு மாசமா அது மேலதான் குளிக்கறீங்க. அது மேலதான் நான் துணி தொவைக்கறேன். ரெண்டு மழையும் அது மேலதான் பேஞ்சிது. கரஞ்சிருக்குதான்னு குனிஞ்சி பாருங்க."

குனிந்து பார்த்தேன். கண்ணில் சீயக்காய் இறங்கியது. எரிகிற கண்ணோடு பார்த்தாலும் தெரிந்தது. ராஜவேலுவின் கல். ஒரு மூலை லேசாக மழுங்கியிருந்தது. மற்றபடி அவன் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த அதே கல்.

"உங்க மேல செவுரு வுழ வுட்டுடுவேனா நானு?" என்றாள் பாஞ்சாலி. சொல்லிவிட்டு ஒரு செம்பு வெந்நீரை எடுத்து என் தலையில் ஊற்றினாள். அந்த நேரத்தில் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டேன். சீயக்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைப் பயம் அன்றோடு போயிற்று. போகாதது மானப் பயம். பஸ் ஸ்டாண்டில் பாட்டாகப் பாடியாகிவிட்டதே! தினமும் கண்டக்டர்கள், "காங்கிரீட்டு எப்ப சார்?" என்று கேட்கிறார்கள். இனி மண் என்று சொன்னால், பெண்டாட்டி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன் என்று மரக்காணம் வரைக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். ஆகவே புதிதாக ஒரு வாதம் கண்டுபிடித்தேன்.

"மழைக்கு நிக்கும், சரி. வெயிலுக்குக் குளுமையா இருக்கும்னு யாரு கண்டா?"

"ராஜவேலு சொல்றான்."

"அவன் உன் தம்பி. அவன் சாட்சி செல்லாது."

"நான் சொல்றேன்."

"நீ அவன் அக்கா."

"சரிங்க. வாயில்லா ஜீவன் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

பாஞ்சாலியின் யோசனை இதுதான். வீடு கட்டத் தொடங்கினால் சாமான் போட்டு வைக்க மனையில் எப்படியும் கொட்டகை வேண்டும். தை பிறந்ததும் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுவோம். ஒன்று என் வழியில், சூளைச் செங்கல், கான்கிரீட் தளம். மற்றது அவள் வழியில், அழுத்தின மண் கல், ஓடு கவிழ்த்த தளம். ஒரே அளவு, ஒரே பக்கம் வாசல். பக்கத்துக் குடிசைக் கிளியம்மாள் ஏழு ஆடு மேய்க்கிறாள். அக்கினி நட்சத்திரத்தில் பதினைந்து நாள், உச்சி வெயிலில் ஆடுகளை அவிழ்த்து விட வேண்டும். எந்தக் கொட்டகையில் அதிக ஆடு ஒண்டுகிறதோ, அந்த மாதிரி வீடு.

நான் உடனே ஒத்துக்கொண்டேன். பாஞ்சாலியை ஏமாற்ற முடியாது. ஆட்டை ஏமாற்ற முடியாதா?

தையில் வேலை ஆரம்பித்து மாசிக்குள் இரண்டும் எழும்பின. என் கொட்டகையின் நெற்றியில் '1987' என்று சிமெண்டில் எழுத வைத்தேன். பாஞ்சாலி தன் கொட்டகையில் ஒன்றும் எழுதவில்லை. கிளியம்மாள் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"டயங்கீப்பரே, என் ஆட்டுக்கா இம்மாம் பெரிய வூடு? எனக்கே கெடயாதே!"

"சாமான் போட இடம்தான் கிளியம்மா. ஆடு சும்மா பாத்துட்டுப் போவும்."

"பொண்ணு பாக்கவா?"

சித்திரைக் கடைசியில் வெயில் வந்தது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டது. எங்கள் இரண்டு பெண்களும் லீவுக்கு விழுப்புரம் பெரியம்மா வீட்டுக்குப் போய், மாடிக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என் வேலையோ தகரக் கூண்டுக்குள். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்கு வேகத் தொடங்கும், பன்னிரண்டுக்குப் பதம் வந்துவிடும். முதுகு பூராவும் வேர்க்குரு. ஆனாலும் போட்டியின் முதல் நாள் நான் உற்சாகமாக இருந்தேன். ஏனென்றால் கூட்டேரிப்பட்டில் என் அண்ணன் வயலில் அப்போதுதான் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) பிடுங்கியிருந்தார்கள். காய்ந்த மல்லாட்டைக் கொடிக்காக ஆடு தன் குட்டியைக்கூட மறந்துவிடும்.

காலை முதல் வண்டியின் கூரையில் ஒரு கட்டு கொடி வந்து இறங்கியது.

"இன்னா சார், ஆடு கீடு வளக்கறீங்களா?" என்றான் கண்டக்டர்.

"வைத்தியத்துக்கு" என்றேன்.

"யாருக்கு?"

"வண்டிக்கு டயம் ஆச்சு, போப்பா" என்று விசில் ஊதினேன்.

பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு மனைக்குப் போனேன். யாரும் வருவதற்கு முன் கொடியை என் கொட்டகைக்குள் பரப்பினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கூண்டுக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் வீட்டில் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"ஆடு இன்னா சொல்லுச்சி?"

"உங்க கொட்டாய்ல அஞ்சு, எங்க கொட்டாய்ல ரெண்டுங்க."

"அப்படியா! வாயில்லா ஜீவனுக்கு இருக்கற அறிவு..." என்று நான் மீதியைச் சொல்லாமல் விட்டேன்.

இரண்டாம் நாள் ஆறு, ஒன்று. மூன்றாம் நாள் ஏழும் என் கொட்டகையில். பஸ் ஸ்டாண்டில் செய்தி பரவியது. தினமும் கட்டு கட்டாகக் கொடி இறங்கியது. அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டார், தம்பிக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று. பாஞ்சாலி ஒவ்வொரு சாயங்காலமும் முகம் சுளிக்காமல் கணக்குச் சொன்னாள். ஒருநாள் ஆடுகள் மிச்சச் செங்கல் அடுக்கு வழியாக என் கொட்டகையின் தளத்தின் மேல் ஏறி நின்றதைக்கூட எனக்குச் சாதகமாகவே சேர்த்தாள். அதுதான் எனக்கு உறுத்தியது. பெண்டாட்டி சண்டை போட்டால் கவலை இல்லை. அவள் பாட்டுக்குத் தோற்றுக்கொண்டே போனால் எந்தப் புருஷனுக்கும் தூக்கம் வராது.

பதினான்காம் நாள் கிளியம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது வாய் தவறி ஒன்று சொன்னாள்.

"எதையோ கொறிச்சி முடிக்கற மட்டும்தான் டயங்கீப்பரே உன் கொட்டாயி. அப்பால ஒவ்வொண்ணா பக்கத்துக்குப் போயி கால நீட்டிக்கினு படுத்துக்குது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஞ்சாலி எண்ணுவது தின்கிற நேரத்தில். கடைசி நாளில் படுக்கிற நேரத்தில் எண்ணினால் என் கதி? ஆகவே பதினைந்தாம் நாள் இன்னொரு டயம் கீப்பரை உட்கார வைத்துவிட்டு, அரை நாள் லீவில் இரண்டு கட்டு கொடியோடு மனைக்குப் போனேன். திட்டம் எளிது. கொடியை மொத்தமாகப் போடக் கூடாது. நானே உள்ளே உட்கார்ந்து, பிடி பிடியாகக் கொடுத்து, சாயங்காலம் வரை ஏழையும் பிடித்து வைக்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. ஒரு பிடி கொடி, ஏழு வாய். ஒன்றரை மணிக்குத் தளம் இறங்கி வந்து என் தலையில் உட்கார்ந்தது போல இருந்தது. சுவரில் சாய்ந்தேன், சட்டென்று நிமிர்ந்தேன். தோசைக் கல். சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். ஆடுகளுக்கு அந்த வசதி இல்லை. அவை இரைக்க இரைக்க என்னைப் பார்த்தன. கையில் கொடி இருக்கும்போதே ஒன்று எழுந்து வெளியே போனது. அடுத்து இரண்டு. "ஏய், ஏய், தின்னுட்டுப் போ" என்று கெஞ்சினேன். இரண்டு மணிக்குக் கடைசி ஆடும் வாசலில் நின்று, நீ வரவில்லையா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

விடலாமா? ஓட்டி வருவதற்காகப் பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தேன். இதற்காக மட்டும்தான் நுழைந்தேன். வேண்டுமானால் மயிலம் முருகன் மேல் சத்தியம் செய்கிறேன்.

உள்ளே சுவர் கைக்கு இதமாக இருந்தது. தரையில் வெயில் இல்லை. கீழே ஒரு ஜன்னல், மேலே எதிர்ப்பக்கம் ஒரு சந்து. மரக்காணத்துக் கடல்காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் போய்க்கொண்டிருந்தது. ஆடுகள் கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கட்டும் என்று உட்கார்ந்தேன். முதுகு வலித்தது, கொஞ்சம் சாய்ந்தேன். கால் நீட்ட இடம் சரியாக இருந்தது.

கண் விழித்தபோது ஆடு ஒன்றுகூட இல்லை. வாசலில் பாஞ்சாலி மோர்ச் செம்போடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் கிளியம்மாள்.

"மணி இன்னா?" என்றேன். பதினான்கு வருடத்தில் நான் இன்னொருவரிடம் மணி கேட்டது அன்றுதான்.

"நாலே முக்கா" என்றாள் பாஞ்சாலி.

"ஏம்மா பாஞ்சாலி, என் ஆடு ஏழுதானே?" என்றாள் கிளியம்மாள். "மூணு மணிக்கு வந்து எண்ணினேன். எட்டு படுத்துக்கினு இருந்துச்சி. அதுல ஒண்ணு கொறட்ட வுட்டுச்சி."

அவள் சிரித்துக்கொண்டே ஆடுகளைத் தேடிப் போனாள். நான் பனியனைத் தேடினேன். அது பக்கத்துக் கொட்டகையில் கொடியோடு கிடந்தது. பாஞ்சாலி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் என் முதுகைத் துடைத்தாள். வேர்க்குரு இருந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

"அந்தத் தகர டப்பாவுல பதினாலு வருசமா வேவறீங்க. வூட்டுக்கு வந்தும் வேவணுமாங்க?" என்றாள்.  எட்டு ஒன்பது மாதமாக அவள் எதற்காக மல்லுக்கு நின்றாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் அவள் தலைமேல் மண் விழக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். அவள் என் முதுகை நினைத்துப் பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.  மோரை வாங்கிக் குடித்தேன்.

ஆனாலும் ஆண்பிள்ளை. சும்மா விட முடியுமா?

"பந்தயம்னா பந்தயம்தான் பாஞ்சாலி. பதினாலு நாளும் ஆடு எங்க இருந்துச்சி? என் கொட்டாய்ல. நீயேதான் எண்ணிச் சொன்ன."

"மல்லாட்டக் கொடி போட்டா ஆடு கெணத்துலகூட எறங்கும்."

அவள் பக்கம் திரும்பினேன்.

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். உங்க சட்டய தொவைக்கறது யாரு? பாக்கெட்டு பூரா எல."

"தெரிஞ்சிக்கினே ஏன் கம்முனு இருந்த? தெனம் நான் ஜெயிச்சேன்னு வேற சொல்லிக்கினு இருந்தியே!"

பாஞ்சாலி காலி செம்பை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"ஆடு எங்க ஒண்டினா எனக்கு இன்னாங்க, அதுவா நம்ம வூட்ல குடியிருக்கப் போவுது? நீங்க எங்க படுக்கறீங்கன்னு பாக்கத்தான் ரெண்டு கொட்டாய் போட்டேன்."